ஆவணியில் முளைத்த கார்த்திகைக் கிழங்கு

படீரென்று ஒரு சத்தம்.

ஜீவராணி கையிலிருந்த சல்லடையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். பங்களாவின் சாப்பாட்டறைப் பக்கமிருந்துதான் வந்தது. அடுத்த நொடி கதவைத் தள்ளிக்கொண்டு சிவகரன் வாசலுக்கு ஓடி வந்தார். இடுப்பில் சாரம். ஒரு கன்னத்தில் சவரம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது.

"எவன்டா கல்லெறிஞ்சது?"

வாசலில் எவனும் இல்லை. சனிக்கிழமைக் காலை வெயிலும், வறண்ட கச்சான் காற்றில் தலைவிரித்து ஆடும் சவுக்கு மரங்களும்தான் இருந்தன.

"நான் இங்கனதான் நிக்கிறேங்க மொதலாளி. ஒரு காக்கா குருவி வரல."

"அப்ப கண்ணாடி தானா ஒடஞ்சிச்சா?"

ஜீவராணி உள்ளே போய்ப் பார்த்தாள். பெரிய ஜன்னலின் கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை சாய்வாக ஒரே கீறல். தரையில் கல் இல்லை. கல் பட்ட புள்ளி கண்ணாடியிலும் இல்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். முந்தாநாள் அவள் துடைத்தபோது லேசாகச் சாத்திக்கொண்ட கதவு, இன்றைக்குச் சட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றது.

"லயத்துப் பயலுக வேலதான். தண்ணி வரலங்கிற ஆத்திரத்த ஏங் கண்ணாடியில காட்டுறானுக" என்றார் சிவகரன்.

உடப்புசல்லாவை வீதியிலிருந்து ஒன்றரை மைல் ஏறினால் அந்தப் பங்களா வரும். வெள்ளைக்காரத் துரைமார் இருந்த காலத்துக் கட்டடம். நுவரெலியா கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளையான சிவகரன் அதைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தார். பங்களாவின் முன்னால் தோட்டம். தோட்டத்தின் விளிம்பிலிருந்து மலை செங்குத்தாக இறங்கும். இறங்கி முடிகிற இடத்தில் தேயிலைத் தொழிலாளர்களின் பன்னிரண்டு வீட்டு லயம். கடைசி வீட்டில் ஜீவராணியும் அவள் மகள் பூரணியும் இருந்தார்கள். புருசன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவான்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜீவராணி தோட்டக்காரியானது இரண்டு வருடங்களுக்கு முன்னால். பங்களாவின் முன்னால் அப்போது புல்வெளி இருந்தது. காலையும் மாலையும் குழாய் வைத்து நனைத்துக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் சிவகரன் திடீரென்று அவளைக் கூப்பிட்டார்.

"இந்தப் புல்லு வேணாம். தண்ணியே கேக்காத பூவா வைக்கணும். காட்டுப் பூவா இருந்தாலும் பரவால்ல. ஒனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரிந்தது கார்த்திகைப்பூ. மலையின் இந்தப் பக்கம் ஆடி ஆவணியில் வானம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஐப்பசியில்தான் திறக்கும். கார்த்திகைக் கிழங்குக்கும் அதே கணக்குத்தான். மழை விழுந்தால் எழும், கொடி ஓடும், இலை நுனியையே சுருட்டி அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டு ஏறும். பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, கடைசியில் நெருப்பாகும். பிறகு கொடி காய்ந்து விழ, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். அந்தத் தூக்கத்தில் தண்ணீர் பட்டால் அழுகிவிடும். தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் அதை வளர்க்கிற வித்தை.

வலப்பனைப் பக்கத்துக் காட்டோரத்தில் போய்ச் சேர்த்தாள். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டுதான் தோண்டினாள். அது கடும் விசம். சமையல்காரன் திலக்ஷனிடமும் லயத்து ஆட்களிடமும் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தாள். சுற்றிலும் கம்பி வேலி போட்டாள். கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் நுனியில் ஒரே ஒரு கண் இருக்கும். அது முறிந்தால் கிழங்கு செத்தது. அறுபது கிழங்குகளை, கண் முறியாமல், நான்கு விரல் ஆழத்தில் படுக்க வைத்தாள். தேயிலைக் கன்று நடுவதற்குக் கயிறு பிடிப்பதுபோலக் கயிறு பிடித்து, வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு குச்சி. மேலே ஆற்று மணலும் சரளைக் கல்லும்.

முதல் கார்த்திகையில் முப்பது பூ. போன கார்த்திகையில் எண்ண முடியவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் முழங்காலில் நின்று படம் பிடித்தார்கள். இந்த உயரத்தில் அது வராது என்று சிரித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கண்ணாடி உடைந்த அந்தக் காலை, சல்லடையை எடுக்கத் திரும்பி வந்தபோதுதான் ஜீவராணி அதைப் பார்த்தாள்.

சரளைக் கல்லுக்கு நடுவே விரல் நீளத்தில் பச்சையாக ஒரு முளை.

ஆவணி மாதம். ஏழு வாரமாக ஒரு தூறல் இல்லை. தேயிலையே ஓரம் கருகி நிற்கிறது. அவள் குனிந்தாள். அதோ இன்னொன்று. அதற்கும் தள்ளி இன்னொன்று. எண்ணினாள். பதினொன்று. அறுபதில் பதினொன்று எழுந்திருக்கின்றன, மற்றதெல்லாம் தூங்குகின்றன. எழுந்த பதினொன்றும் அங்கொன்று இங்கொன்றாக இல்லை. ஆறு வரிசைக்கும் குறுக்கே, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குச் சாய்வாக, யாரோ கோடு கிழித்ததுபோல ஒரே நேரில் நின்றன.

சரளையை விலக்கி விரலை மண்ணுக்குள் விட்டாள். மேலே சுடுகிற புழுதி. ஒரு சாண் கீழே, ஈரம். பனிக்கட்டியைத் தொட்டதுபோல ஜில்லென்ற ஈரம். விரலை எடுத்து முகர்ந்தாள். அழுகல் வாடை.

"தண்ணி ஊத்துனியா?"

முதுகுக்குப் பின்னால் சிவகரன். நுரை இப்போது கன்னத்தில் காய்ந்து வெள்ளையாய் ஒட்டியிருந்தது.

"ஐயோ, இல்லைங்க மொதலாளி. ஊத்துனா அழுகிரும்னு எனக்குத் தெரியாதா?"

"பொய் சொல்லாத. எத்தன நாளா ஊத்துற?"

"சாமி சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல."

அவர் முளைகளைப் பார்த்தார். அந்தச் சாய்ந்த கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். பிறகு திரும்பி, சாப்பாட்டறை ஜன்னலைப் பார்த்தார். கோபத்தில் மனிதர்கள் சிவப்பதை ஜீவராணி பார்த்திருக்கிறாள். இந்த மனிதர் வெளுத்தார்.

"எல்லாத்தையும் புடுங்கிப் போடு. மேல சரளையக் கொட்டி மூடு. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது. வெளங்குதா? இன்னொருக்கா ஈரத்தப் பாத்தேன், திங்கக்கெழம நீ கொழுந்துக்கே போயிரலாம்."

நாலு பூக்கொடிக்கா இவ்வளவு கோபம் என்று நினைத்தாள். பிடுங்க மனம் வரவில்லை. பிடுங்கினால் கண் போய்விடும். சரளையை மட்டும் அள்ளிப் போட்டு மூடினாள்.

பின்னேரம் லயத்துப் பீலிக்குப் போனபோது அங்கே பெரிய வரிசை. மலையிலிருந்து குழாய் வழியாக விழும் தண்ணீர், கண்ணீர் மாதிரிச் சொட்டிக்கொண்டிருந்தது. வரிசையின் தலையில் அம்மாக்கண்ணு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். லயத்தில் பிள்ளைப்பேறானாலும் சண்டையானாலும் முதல் குரல் அவளுடையது.

"வாங்க, பூந்தோட்டத்து மகாராணி! ஒங்களுக்கு எதுக்குங்க கேனு? மேல பூவுக்கு ஊத்துனது போக மிச்சம் இருக்குமே, அத எடுத்துக்கிட்டு வர வேண்டியதுதான!"

வரிசை கெக்கலித்தது.

"என்னக்கா பேசுறீங்க?"

"நாங்க ஒரு பானை சோறாக்க மூணு மணித்தியாலம் நிக்கிறோம். நீ அங்க மண்ணு சொதசொதன்னு ஆகுற வரைக்கும் பாச்சுற. திலக்ஷன் வந்து சொல்லிட்டான்டி."

"நான் ஊத்தல அக்கா. அங்க ஊத்து!"

எழுந்த சிரிப்பில் பீலிக்கரையே அதிர்ந்தது.

"கேட்டீங்களாடி? இவ ஊத்தலையாம். நம்மளப் போயி அங்க ஊத்துங்கிறா!"

"ஐயோ, அந்த ஊத்து இல்ல. தண்ணி ஊறுமே, அந்த ஊத்து. அடியில இருந்து வருதுக்கா."

"இருக்குற பீலியே செத்துக்கிட்டு இருக்கு. இந்த வெயில் காச்சல்ல புதுசா ஊத்து வருதாம், அதுவும் ஓம் பூவுக்கு அடியில மட்டும்! பொய் சொல்றதுன்னாலும் பொருத்தமாச் சொல்லணும்டி ஜீவா."

அன்றைக்கு ஜீவராணிக்கு யாரும் வழிவிடவில்லை. கடைசியாகப் பிடித்தாள். அரைக் கேன்.

வீட்டுக்கு வந்தும் யோசனை ஓயவில்லை. லயத்து ஆட்கள் ஊற்ற மாட்டார்கள், குடிக்கவே இல்லை. திலக்ஷன் சோம்பேறி, வாளி தூக்க மாட்டான். அப்படியானால் யார்? வம்புக்கு யாரோ செய்கிறார்கள் என்றால் கையும் மெய்யுமாகப் பிடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை போய்விடும். பெயரும் போய்விடும். பூரணியின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் மேலே ஏறினாள். பாத்தியின் நாலு மூலையிலும் குச்சி அடித்து, கணுக்கால் உயரத்தில் சுற்றிவர நூலை இறுக்கிக் கட்டினாள். எந்தப் பக்கமாக எவர் கால் வைத்தாலும் நூல் அறும். அறுந்த இடத்தில் அடித்தடம் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடினாள்.

நூல் அறுந்திருந்தது.

'அகப்பட்டாய்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குனிந்தவள் அப்படியே நின்றாள். மேல் விளிம்பு நூல் முழுசாக இருந்தது. கீழ் விளிம்பு நூலும் முழுசாக இருந்தது. பக்கவாட்டில் போன இரண்டு நூல்கள்தான் அறுந்திருந்தன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிருப்பானோ? அடித்தடம் இல்லையே. நேற்று அவள் கூட்டிவிட்ட விளக்குமாற்றுக் கோடுகள் மட்டும் புழுதியில் அழியாமல் கிடந்தன.

அறுந்த நூலின் இரண்டு முனைகளையும் எடுத்து முடிச்சுப் போடப் பார்த்தாள்.

எட்டவில்லை.

இழுத்துப் பார்த்தாள். அப்போதும் இரண்டு முனைக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. நூல் சுருங்குமா என்ன? இடப்பக்கத்து நூலை எடுத்தாள். அங்கேயும் நான்கு விரல்.

மண்டியிட்டு, முளைகள் இருந்த இடத்துச் சரளையை இரண்டு கையாலும் வாரித் தள்ளினாள். மண்ணில் ஒரு கீறல். மேல் மண் சரிந்து தூர்ந்ததுபோக நகம் நுழையும் அகலம்தான் மிச்சம். இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்து அதில் விட்டாள். கத்தி தடையில்லாமல் பிடிவரை இறங்கியது. பிடிக்குக் கீழேயும் ஒன்றுமே தட்டுப்படவில்லை.

காற்று அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில் கீறலுக்குக் காது கொடுத்தாள். எங்கோ அடியில், யாரோ மெதுவாக வாய் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம்.

ஜீவராணி படிக்கட்டை மறந்து சரிவிலேயே இறங்கி ஓடினாள்.

லீவு நாள். அம்மாக்கண்ணு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரே ஒருக்கா மேல வாங்க."

"எதுக்கு? பூவுக்கு ஆலாத்தி எடுக்கவா?"

"அக்கா, ஏசுங்க, அடிங்க, வந்து பாத்துட்டு என்னென்னாலும் செய்யுங்க. நம்ம பன்னெண்டு வீடும் இருக்கா போகுதான்னு ஒங்க கண்ணுதான்க்கா சொல்லணும். நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவள் குரலில் என்ன இருந்ததோ, அம்மாக்கண்ணு வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

மேலே வந்து நூலைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். "காத்துக்கு அந்திருக்கும்."

"காத்துக்கு அந்தா முனை எட்டாமப் போகுமா?"

அம்மாக்கண்ணு குனிந்து முனைகளை இழுத்துப் பார்த்தாள். கீறலைப் பார்த்தாள். "வெயிலுக்கு மண்ணு வெடிக்கிறதுதான்" என்று சொல்ல வாயெடுத்தவள் பாதியில் நிறுத்தி, "கயிறு இருக்கா?" என்றாள்.

இளமையில் அவள் புதுத் தேயிலை நடுகிற கூட்டத்தில் இருந்தவள். மலைச்சரிவில் கயிறு பிடித்து, கன்றுக்குக் கன்று குச்சி அடித்து நேர் பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு விரல் தப்பினாலும் கங்காணி குச்சியைப் பிடுங்கி முதுகில் போடுவான். ஜீவராணி கொடுத்த கயிற்றின் ஒரு முனையை மேல் விளிம்பின் நடுவில் இருந்த குச்சியில் சுற்றினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழே ஒரே நேராகப் போன குச்சிகளை ஒட்டி இறங்கினாள். முதல் குச்சி, இரண்டாம் குச்சி, மூன்றாம் குச்சி, கயிறு எல்லாவற்றையும் தொட்டது. கீறலைத் தாண்டியதும் நான்காம் குச்சி கயிற்றை விட்டு விலகி நின்றது. ஐந்தாவதும் அப்படியே. ஆறாவதும் அப்படியே. மூன்றும் ஒரே அளவு விலகி, தமக்குள் மட்டும் நேராக நின்றன.

"நடும்போது நேராத்தான் நட்டியா?"

"கயிறு பிடிச்சுத்தான்க்கா நட்டேன். போன மாசம் குச்சி மாத்தும்போதும் கயிறு பிடிச்சேன்."

அம்மாக்கண்ணு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கயிற்றின் மேலாகப் பார்த்தாள். அந்தப் பார்வை குச்சிகளோடு நிற்கவில்லை. தோட்டத்தின் விளிம்பைத் தாண்டி, சரிவு வழியே இறங்கி, பன்னிரண்டு புகைக்கூண்டுகளில் போய் நின்றது. எட்டாவது வீட்டில் அவளுடைய மருமகள் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"குச்சி நகரலடி ஜீவா" என்றாள். "மலதான் நகருது. உள்ள இருந்த தண்ணி வழி மாத்திக்கிருச்சு. நீ சொன்னியே, ஊத்துன்னு. நாந்தான்டி சிரிச்சேன்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மாக்கண்ணு இறங்கிய வேகத்தை அந்த லயம் பார்த்ததில்லை. முதல் வீட்டுக் கதவைக் கையால் தட்டவில்லை, காலால் உதைத்தாள்.

"எல்லாம் வெளிய வாங்க! பெட்டி வேணாம், கட்டில் வேணாம், புள்ளைகளத் தூக்குங்க! கோயிலுக்கு நடங்க!"

"என்னக்கா, மழையா வருது?" என்று ஒருத்தி நீல வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"மழ வந்தாத்தான் நீ போவியா? பேசாம நடடி, மண்டையப் பொளந்துருவேன்!"

மாரியம்மன் கோயில் எதிர் மலையில் இருந்தது. முனகிக்கொண்டும் ஏசிக்கொண்டும் சனம் அந்தப் பக்கமாக ஏறத் தொடங்கியது. பிள்ளைகள், கோழிக் கூடை, நடக்க முடியாத ஒருவரைச் சுமந்த நாற்காலி. பூரணி புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நீங்க வரலையாம்மா?" என்று கேட்டாள்.

"பங்களாவுல ரெண்டு பேர் இருக்காங்க. சொல்லிட்டு வந்துர்றேன். நீ அம்மாக்கண்ணு அத்த கைய விடாத."

ஜீவராணி பின்வழியாகச் சுற்றிப் பங்களாவுக்கு ஏறினாள். முன்தோட்டத்தில் கால் வைக்க அவளுக்குத் துணிவில்லை. சமையலறையில் தூங்கி வழிந்துகொண்டிருந்த திலக்ஷனை உலுக்கி எழுப்பி, கோயில் பக்கம் கையைக் காட்டித் துரத்திவிட்டாள்.

சிவகரன் சாப்பாட்டறையில் இருந்தார். உடைந்த கண்ணாடியின் கீறலை மறைத்து, மேலிருந்து கீழாகப் பழுப்பு நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"மொதலாளி, வெளிய வாங்க. தோட்டம் வெடிச்சிருச்சு. லயத்துச் சனமெல்லாம் கோயிலுக்குப் போறாங்க."

நாடா ஒட்டிய கை நின்றது.

"யாரக் கேட்டு லயத்தக் காலி பண்ண வச்ச?"

"யாரயும் கேக்கலைங்க. மண்ணு பொளந்து நிக்குது, கத்தி பிடி வரைக்கும் எறங்குது. வாங்க மொதலாளி."

"மூடுன்னுதான ஒனக்குச் சொன்னேன். மூடிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருக்கத் தெரியல ஒனக்கு? இனி இந்தப் பங்களாவ எவன் தொறக்க விடுவான்?"

தரைக்கு அடியில் எங்கோ ஒரு கட்டை முனகியது. சுவரில் மாட்டியிருந்த துரைமார் காலத்துப் படங்கள் ஒன்றுபோலச் சாய்ந்தன. சிவகரன் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வயது கூடிவிட்டவர்போல இருந்தார்.

ஜீவராணிக்கு அந்த நேரத்திலும் அந்த ஒன்றுதான் பெரிதாக இருந்தது. "இப்பயாவது நம்புங்க மொதலாளி. நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நாடாச் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"நீ ஊத்தலன்னு எனக்கு நேத்தே தெரியும் ஜீவராணி. இந்தச் சரிவு எறங்கப் போகுது, ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகக் கூடாது, கீழ இருக்கிற சனத்த வேற எடத்துக்கு அனுப்புங்கன்னு ரெண்டு வருசத்துக்கு முந்தியே மண்சரிவப் பாக்குற ஆப்பிசுல இருந்து வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. அதுக்குத்தான் புல்ல எடுத்துட்டு ஓம் பூவ வைக்கச் சொன்னேன்."